நம் அடுப்படி: பருவத்துக்கேற்ற சம்பல்களும் பண்டிகைப் பலகாரங்களும்

நிவாரணப் பொதியில் அரிசி இருக்கும். பருப்பு, சீனி, தேயிலைத்தூள், சில வேளை ரின்மீனும் சோயாவும் இருக்கும். இலை இருக்காது. அழுகிவிடும் பொருளை யாரும் பொதியில் வைத்து அனுப்பமாட்டார்கள். அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பம் ஒன்று சோறும் பருப்புமாக இரண்டு மூன்று மாதம் கழித்தால் என்ன நடக்கும் என்பதை நாம் நேரில் காண்கிறோம். பிள்ளைகளின் கடைவாய் வெடிக்கிறது. தாய்மாருக்குத் தலைசுற்றுகிறது, ஏற்றத்தில் நடக்க மூச்சு வாங்குகிறது. வயிறு நிறைந்திருந்தும் உடலுக்கு வேண்டியது கிடைக்காத நிலை இது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நாம் மறக்க முடியாது. அதற்கு முன்பும் மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்ததால் இடம் மாறிய குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இருந்தன. பாடசாலையில் தங்கியவர்கள், உறவினர் லயத்தில் ஒரு காம்பராவைப் பகிர்ந்துகொண்டவர்கள், இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் என்று பலர் இவ்விதழை வாசிக்கிறீர்கள். ஹந்தானை மலையைப் பற்றிச் சிங்களத்தில் எத்தனையோ காதல் பாட்டுகள் உண்டு. அடிவாரத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அந்த மலை ஓர் இனிய நினைவு. சரிவில் குடியிருப்பவர்களுக்கு அது மழை பெய்யும் இரவுகளில் காது கொடுத்துக் கேட்க வேண்டிய மலை.

நிலம் கிடைக்கும் வரை காத்திராமல், கையிலுள்ள சிறு இடத்தையும் ஓர் அடுப்பையும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய உணவுகளை இங்கே எழுதுகிறோம். முதலில் பச்சைச் சம்பல்கள், பிறகு அவற்றுக்கு ஊற்றும் சாறுகள், கடைசியில் நத்தாருக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் சுடும் பலகாரங்கள். பலகாரத்தையும் ஏன் சேர்த்தோம் என்று சிலர் கேட்கலாம். சொந்த வீடு இல்லாத வருடத்திலும் பிள்ளைகளுக்குப் பண்டிகை வருகிறது.

சம்பலில் தேசிக்காயும் தேங்காய்ப்பூவும் ஏன்?

வல்லாரைச் சம்பல் செய்யத் தெரியாதவர் மலைநாட்டில் குறைவு. கொட்டுகொல என்று சிங்களத்தில் சொல்வதும் அதே இலைதான். பொடியாக அரிந்த இலை, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி, விருப்பமானால் சிறிது மாசித்தூள். இந்தக் கூட்டு ருசிக்காக மட்டும் வந்ததல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

இலையில் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் இலையிலுள்ள இரும்பு இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப் போல இலகுவில் இரத்தத்தில் சேராது. பெரும்பகுதி வீணாகக் கழிந்துவிடும். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து சி அந்த இரும்பைக் குடல் உறிஞ்சக்கூடிய நிலையில் வைத்திருக்கிறது. அதே வேளையில் சாப்பிட்டால் உறிஞ்சும் அளவு இரண்டு மடங்காகவும் கூடலாம். மாசியும் அவ்வாறே: தானும் இரும்பு தந்து, இலையின் இரும்பும் சேர உதவுகிறது. தேங்காய்ப்பூவிலுள்ள கொழுப்பு இன்னொரு வேலை செய்கிறது. கரட்டிலும் பச்சை இலைகளிலும் இருந்து உடல் உண்டாக்கிக்கொள்ளும் உயிர்ச்சத்து ஏ, கொழுப்பு இருந்தால்தான் சேரும். கண்ணுக்கும் தோலுக்கும் நோயெதிர்ப்புக்கும் அது தேவை. ஆகவே செலவைக் குறைக்க எண்ணித் தேங்காயை முற்றாக நிறுத்திவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவையும் தாண்டி விற்றபோது பலர் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பிடி இலைக்கு ஒரு மேசைக்கரண்டி பூ போதும். பால் பிழிந்த சக்கையை எறியாமல் வெறுஞ்சட்டியில் வறுத்து மறுநாள் சம்பலுக்குச் சேர்க்கலாம்.

இதற்கு நேர் எதிராக வேலை செய்வது நம் தேத்தண்ணி. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. சோற்றோடு அல்லது சாப்பிட்ட கையோடு சாயத்தேத்தண்ணி குடித்தால் இரும்பில் பாதிக்கு மேல் போய்விடும். தேயிலையால் வாழும் மலையில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். குடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன் அல்லது பின் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும், கிளினிக்கில் இரும்பு மாத்திரை பெறுபவர்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அந்த மாத்திரையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

வல்லாரைச் சம்பலில் ஒரு சின்னக் குறை அடிக்கடி நேர்கிறது: மத்தியானம் செய்தது சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டு, நிறம் கறுத்துப் போகும். உப்பு இலையிலிருந்து நீரை இழுக்கிறது. புளி இலையின் பச்சை நிறத்தை மாற்றுகிறது. ஆகவே இலையையும் வெங்காயத்தையும் தேங்காய்ப்பூவையும் கலந்து வைத்துவிட்டு, உப்பும் தேசிக்காயும் பரிமாறும்போது மட்டும் சேருங்கள். அரிவதையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அரிந்து வைத்த இலையில் உயிர்ச்சத்து சி நேரம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். நான்கு பேருக்கு இரண்டு கட்டு இலை, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, பாதித் தேசிக்காய் என்பது நல்ல அளவு.

பச்சையாய் உண்ணுமுன்

சம்பலைப் பற்றி இவ்வளவு புகழ்ந்த பிறகு ஓர் எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்சரிவும் வெள்ளமும் வந்த இடத்தில் மலசலகூடக் குழிகள் உடைகின்றன. பீலித் தண்ணீரும் ஊற்றும் கலங்குகின்றன. அந்தத் தண்ணீர் பட்ட இலையைப் பச்சையாய் உண்பது வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் நாமே விலைகொடுத்து வாங்குவதாகும். வெள்ளம் தொட்ட வல்லாரைப் பாத்தியை அடியோடு வெட்டி எறிந்துவிட்டு, புதிதாய் வரும் தளிரையும் சில கிழமைகளுக்குச் சமைத்தே உண்ணுங்கள். கானோரத்தில் பறித்த இலைக்கும் இதுவே சட்டம்.

நல்ல இடத்தில் வளர்ந்த இலையானாலும் கழுவும் முறை முக்கியம். வேரையும் சேறு பிடித்த அடித்தண்டையும் முதலில் நறுக்கி எறியுங்கள். பிறகு ஓடும் நீரில் இலை இலையாகப் பிரித்துக் கழுவி, கடைசியாக ஒருமுறை கொதித்தாறிய நீரில் அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. சிறு பூச்சியும் நத்தைக் குஞ்சும் உப்புத் தண்ணீரில் கழன்று வரும், நோய்க்கிருமி சாகாது. குளோரின் பாவிப்பதானால் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம்.

தோட்டத்துக்குள் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தேயிலை வரிசைகளுக்கிடையே தானாய் முளைக்கும் கீரை நல்ல கீரைதான். ஆனால் அந்த மலைக்குப் புல் மருந்து அடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். எப்போது எந்த மலையில் அடித்தார்கள் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கேட்டறிந்து பறியுங்கள். பெயர் தெரியாத இலையைப் பிள்ளைகள் பறித்து வந்தால் சட்டியில் போட வேண்டாம்.

தண்ணீரில் ஐயம் இருந்தால் சம்பலை விட்டுச் சுண்டல் செய்யுங்கள். சிங்களத்தில் மல்லுங் என்பதும், யாழ்ப்பாணத்தார் வறை என்பதும் ஏறக்குறைய இதுவே. சட்டி காய்ந்ததும் தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு, வெங்காயம், மிளகாய் போட்டுப் பிரட்டி, பொடியாக அரிந்த இலையைச் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் கிளறினால் போதும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும், சத்து குறையும். பொன்னாங்காணி (முகுணுவென்ன), அகத்தி, கங்குங் மூன்றையும் எப்போதும் சுண்டலாகவே செய்யுங்கள். கங்குங் நீர் தேங்கிய இடத்தில் வளர்வதால் அதைப் பச்சையாய் உண்ணவே கூடாது. மரவள்ளி இலையும் நஞ்சுள்ளது. அதை நன்றாக அவித்து நீரைக் கொட்டாமல் வாயில் வைக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுண்டலே நல்லது.

எந்தக் காலத்தில் எது

ஹந்தானைப் பக்கத்தில் தை, மாசி மாதங்கள் ஓரளவு வரண்டிருக்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை. வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில்தான் கடும் மழை. மழைக்காலத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கேட்காமலே தழைக்கும், ஆனால் அப்போதுதான் தண்ணீரும் கெடும்; ஆகவே மழைக்குச் சுண்டல், வெயிலுக்குச் சம்பல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வரண்ட மாதங்களில் நுவரெலியாவிலிருந்து வரும் கரட், கோவா, முள்ளங்கி ஆகியவை கண்டிச் சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் நாட்கள் உண்டு. இந்த மரக்கறிகளெல்லாம் நம் மலைக்கு வெளியிலிருந்து வந்தவை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர்தான் ஐரோப்பிய மரக்கறிகளை அங்கே பெருமளவில் பயிரிடத் தொடங்கினார் என்பார்கள். இன்று அவற்றைப் பயிரிட்டு, சுமந்து, விற்று வாழ்பவர்கள் நம்மவர்கள். கரட்டைத் துருவி, கோவாவை நூல் போல் அரிந்து, சிறிது உப்பு தூவிக் கால் மணித்தியாலம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சாறு ஊற்றினால் சலாது மொறுமொறுவென்று இருக்கும். பிழிந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் விடுங்கள். முள்ளங்கியின் இலையையும் எறியாதீர்கள்; கிழங்கைவிட இலையில் சத்து அதிகம், சுண்டலுக்கு நன்றாயிருக்கும்.

வாழைப்பூ வருடம் முழுவதும் கிடைக்கும். வெளி மடலைக் கழற்றி, உள் நரம்பை நீக்கிப் பொடியாக அரிந்து, உப்பும் மஞ்சளும் இட்ட நீரில் உடனே போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். பத்து நிமிடத்தின் பின் பிழிந்து, அரைவேக்காடாய் அவித்து, ஆறியதும் வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய் சேர்த்தால் சோற்றுக்குக் கறியே தேவையில்லை. பாகற்காயை மெல்லிய வட்டமாய் அரிந்து உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணித்தியாலம் வைத்துப் பிழிந்தால் கசப்பில் பாதி போகும். கடைகளில் அதை எண்ணெயில் பொரித்துச் சம்பல் போடுகிறார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் வெறுஞ்சட்டியில் ஈரம் வற்ற வறுத்தாலும் ருசிதான்.

வருட நடுவில் அலிகெட்ட பேர கண்டி வீதியோரங்களில் குவியும். இதைச் சீனியும் பாலும் போட்டு அடித்துக் குடிப்பதே நம் வழக்கம். ஒருமுறை மாற்றிச் செய்து பாருங்கள்: நன்றாய்க் கனிந்ததைக் கரண்டியால் வழித்து, உப்பு, மிளகுத்தூள், அரிந்த வெங்காயம், தேசிக்காய் சேர்த்து மசித்தால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நல்ல சம்பலாகும். அதற்குத் தேங்காய் தேவையில்லை. பழத்திலேயே கொழுப்பு இருக்கிறது. தேங்காய் விலை ஏறும் காலத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலமில்லாதவர்கள் எங்கே நடுவது என்று கேட்பது நியாயமே. அரிசிச் சாக்கோ, அடியில் ஓட்டையிட்ட பழைய வாளியோ போதும். மருந்து, இரசாயனம் வந்த கலன் மட்டும் கூடாது. மண் ஒரு பங்கு, உக்கிய சாணம் அல்லது கூட்டெரு ஒரு பங்கு. பொன்னாங்காணியின் முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்தில் வெட்டி நட்டால் நான்கு கிழமைக்குள் முதல் வெட்டு எடுக்கலாம். வல்லாரையை ஓடும் கொடியில் வேர்விட்ட கணுவாகப் பார்த்து நட வேண்டும். அதற்கு அரை நிழலும் ஈரமும் பிடிக்கும், ஆகவே லயத்து இஸ்தோப்பின் ஓரமே போதும். இடம் மாற வேண்டி வந்தால் சாக்கையும் தூக்கிக்கொண்டு போகலாம். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில், கன்னொறுவையின் பக்கத்திலேயே இருக்கிறது. விதை, நாற்றுப் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடைசெய்து, மறுவருடம் செப்டம்பரில் உணவு விலைகள் கொழும்புச் சுட்டெண்ணின்படி ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தபோது, ஒரு சாக்குக் கீரை இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

மூன்று சாறுகள்

சலாதுக்கு ஊற்றுவதற்கென்று கடைகளில் போத்தலில் விற்கும் வெள்ளைக் கலவையை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. விலையும் அதிகம், திறந்தபின் குளிரூட்டி இல்லாத வீட்டில் வைக்கவும் முடியாது.

தேங்காய்ப்பால் சாறு: அரைக் கோப்பை கட்டிப்பாலில் பாதித் தேசிக்காய், உப்பு, மிளகுத்தூள், தட்டிய சின்ன வெங்காயம் இரண்டு. கரட்டுக்கும் வாழைப்பூவுக்கும் ஏற்றது. செய்த வேளையிலேயே முடித்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் சில மணித்தியாலங்களில் கெட்டுப்போகும். காலையில் பிழிந்ததை இரவுக்கு வைக்காதீர்கள்.

கடுகுச் சாறு: ஒரு மேசைக்கரண்டி கடுகு, ஒரு துண்டு இஞ்சி, மூன்று பல் உள்ளி ஆகியவற்றை வினாகிரி விட்டு அம்மியில் அரைத்து, அரைக் கோப்பை வினாகிரியும் ஒரு தேக்கரண்டி சீனியும் உப்பும் கலக்குங்கள். இது அச்சாற்றுக்கு அரைக்கும் அதே கூட்டுதான். கண்ணாடிப் போத்தலில் ஒரு கிழமை இருக்கும். கோவா, முள்ளங்கி, பப்பாசிக்காய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வினாகிரி வாங்கும்போது தென்னை வினாகிரியா, செயற்கை வினாகிரியா என்று போத்தலில் பார்த்து வாங்குங்கள்.

தயிர்ச் சாறு: மாடு வளர்க்கும் வீடுகளுக்கு. தயிரைக் கடைந்து உப்பு, சீரகத்தூள், பச்சைமிளகாய் சேர்த்து வெள்ளரிக்காய்க்கு ஊற்றுவது. நம் பச்சடிதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கொக்கிஸ் யாருடையது?

சம்பல் என்ற சொல் மலாய்க்காரரிடமிருந்து வந்தது. கொக்கிஸ் என்ற சொல்லோ ஒல்லாந்தருடையது என்பார்கள். சிறு பணியாரத்துக்கு அவர்கள் மொழியில் வழங்கும் சொல்லிலிருந்து ஆங்கிலேயரின் குக்கியும் நம் கொக்கிசும் பிறந்தன. ஒல்லாந்தர் கரையோரத்தை ஆண்டார்கள். கண்டி இராச்சியம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை. 1815இல்தான் அது ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆனால் ஒல்லாந்தரின் பணியாரம் மலையேறி வந்து, இன்று சித்திரைப் புத்தாண்டில் கண்டிச் சிங்கள வீடுகளில் மேசையின் நடுவில் இருக்கிறது. தமிழ் நாட்டிலும் நம் தோட்டங்களிலும் அச்சு முறுக்கு என்று சுடுவதும் அதன் உடன்பிறப்பே. யாருடையது என்று கேட்டால் சுடுகிறவருடையது என்று சொல்லலாம்.

கொக்கிசுக்கு இரண்டு கோப்பை அரிசி மா வேண்டும். பச்சையரிசியை மூன்று நான்கு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, இடித்து அரிதட்டில் அரித்த மாவே சிறந்தது. கடை மாவில் மொறுமொறுப்புக் குறையும். ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு தேக்கரண்டி சீனி. இவற்றோடு ஏறக்குறைய ஒன்றேகால் கோப்பை கட்டித் தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கரையுங்கள். கரண்டியின் முதுகில் மெல்லிய படையாய் ஒட்டும் பதம் வேண்டும். கனத்தால் பலகாரம் கல்லாகும். இளகினால் அச்சில் நிற்காது. முட்டை விரும்பாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

அச்சை எண்ணெயிலேயே வைத்து நன்றாகச் சூடாக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள். சூடான அச்சு மாவில் பட்டதும் சுர் என்று சத்தம் வரவேண்டும். அப்போதுதான் மா ஒட்டும். அச்சின் முக்கால் உயரத்துக்கு மட்டும் மாவில் தோயுங்கள். மேல் விளிம்பை மூடிவிட்டால் பலகாரம் அச்சை விட்டுக் கழலாது. எண்ணெயில் வைத்து அரை நிமிடம் சென்றதும் மெல்ல ஆட்டினால் தானே விடும். முதல் இரண்டு மூன்று உடைவது எல்லோருக்கும் நடப்பது. அவற்றைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். புது அச்சானால் முதல் நாள் எண்ணெயில் கொதிக்கவைத்து, அந்த எண்ணெயிலேயே இரவு முழுவதும் ஊறவிட வேண்டும்.

காம்பரா ஒன்றில் பத்துப் பேர் இருக்கும் நிலையில் கொதியெண்ணெய் பெரும் ஆபத்து. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் அல்லது தூங்கியபின் சுடுங்கள். எண்ணெய்ச் சட்டியின் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர் நீரில் இருபது நிமிடம் பிடித்து, பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் பூசக்கூடாது.

எண்ணெயில்லாத பலகாரம்

எண்ணெய்க்கு வழியில்லாவிட்டால் பயற்றம் உருண்டை இருக்கிறது. பலகாரங்களுக்குள் எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம். அரைக் கிலோ பாசிப்பயற்றை வாசம் வரும்வரை மெல்லிய நெருப்பில் வறுத்து, தோல் நீக்கித் திரித்து அரித்துக்கொள்ளுங்கள். அதன் கால் பங்கு வறுத்த அரிசி மா, ஒரு தேங்காயின் பூவைச் செந்நிறமாக வறுத்தது, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று நான்கு ஏலக்காய் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். முந்நூறு கிராம் சீனியை அல்லது சக்கரையை ஒரு கோப்பை நீரில் கொதிக்கவைத்து, சூடாகவே மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், அப்போது இன்னும் ஒரு கரண்டி சூடான பாகு விட்டால் சேரும். பூ நன்றாய் வறுபட்டிருந்தால் ஒரு கிழமை கெடாது. இதே உருண்டையை அரிசி மாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரம். தட்டையாக்கி முக்கோணமாயும் நாற்கோணமாயும் வெட்டித் தோய்த்துப் பொரித்தால் சிங்கள வீட்டு முங் கெவும்.

கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவையும் தேங்காய்ப்பூ, சீனி சேர்த்து உருட்டுவது பல வீடுகளில் உள்ள வழக்கம். நல்லதுதான். ஆனால் அந்தப் பக்கெற் கர்ப்பிணிக்கோ நிறை குறைந்த பிள்ளைக்கோ என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுவது. உருண்டையாகிவிட்டால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒவ்வொன்றாய் எடுத்து, உரியவருக்கு ஒன்றே மிஞ்சுகிறது. மற்றவர்களுக்குப் பயற்றம் உருண்டை செய்யுங்கள். திரிபோஷாவைத் தனியே வையுங்கள்.

மணல்பானையில் குரக்கன் விசுக்கோத்து

போறணை இல்லாமல் விசுக்கோத்துச் சுடலாம். அடி கனத்த பெரிய அலுமினியப் பானையில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உலர்ந்த ஆற்று மணலைப் பரப்பி, மேலே ஒரு சிறு வளையத்தை அல்லது மூன்று கல்லை வைத்து, மூடி, அடுப்பில் கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். மூடியின் மேலும் கொஞ்சம் தணல் போட்டால் மேற்புறமும் சிவக்கும்.

நூற்றைம்பது கிராம் குரக்கன் மா, நூறு கிராம் கோதுமை மா, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா ஆகியவற்றை ஒன்றாய் அரித்து வையுங்கள். நூறு கிராம் மாஜரீனையும் நூறு கிராம் சீனியையும் மரக்கரண்டியால் வெளுக்கும்வரை அடித்து, ஒரு முட்டை சேர்த்து அடித்து, பிறகு மாவைப் போட்டு மெதுவாகப் பிசையுங்கள். அதிகம் பிசைந்தால் இறுகும். துருவிய இஞ்சி அல்லது கறுவாத்தூள் சிறிது சேர்த்தால் குரக்கனின் மண்வாசம் அடங்கும். நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்டி, எண்ணெய் பூசிய தகரத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம். குரக்கன் ஏற்கெனவே கபில நிறமாதலால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது; விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், உறுதியாயிருந்து நடு மெல்ல அமுங்கினால் எடுத்துவிடலாம், ஆறும்போது மொறுமொறுப்பாகும். குரக்கனில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை.

ஹந்தானை மூடுபனியில் எந்தப் பலகாரமும் இரண்டு நாளில் நமர்த்துப்போகும். காற்றுப் புகாத தகரப்பேணியில், அடியில் ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியும் நமர்த்தால் அதே மணல்பானையில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும்.